சுரம் கடக்கப் பயின்றோம்

அரபு மொழியில் 'ரியாளா' என்றொரு சொல் உண்டு. இன்று அரபு நாடுகளில் விளையாட்டையும் உடற்பயிற்சியையும் இச்சொல்லாலேயே குறிப்பர். ஆனால், பழைய அகராதிகளைப் புரட்டினால், குதிரைக் குட்டியைப் பழக்குதல் என்னும் பொருள் அதற்கு இருக்கக் காணலாம். அடித்தும் விரட்டியும் அன்று. சிறுகச் சிறுக, நடைக்கும் சுமைக்கும் கடிவாளத்திற்கும் இணங்கச் செய்வதே ரியாளா. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலின் நாற்பது பகுதிகளுள் 22-ஆம் பகுதியின் தலைப்பில் இச்சொல்லை அமைத்தார்கள். அங்கே பழக்கப்பட வேண்டிய குட்டி மனிதனின் நப்ஸு. மதரஸாவில் இளமையில் ஓதிய நாளில் இவ்விளக்கங்கள் எல்லாம் நமக்கு நாவின் நுனியில் இருந்தன. அவற்றைக் காலால் கற்கும் வாய்ப்பு, ஐம்பத்தைந்தாம் வயதில், உமான் நாட்டு ஹஜர் மலையில்தான் கிட்டிற்று.

நாம் மஸ்கத் நகரில் பல்லாண்டுகளாக ஆசிரியப் பணி புரிந்து வருகிறோம். பிழைப்புத் தேடி இங்கு வந்த நம் மக்களின் வாழ்க்கை எத்தகையது என்பதை வாசகர்களில் பலர் நன்கறிவர். குளிரூட்டிய அறையிலிருந்து குளிரூட்டிய வண்டி, அதிலிருந்து குளிரூட்டிய கடை. இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா. வெள்ளிக்கிழமையானால் பிரியாணி, அதன்பின் உறக்கம். ஊருக்குப் பணம் போகிறது. உடல் இங்கேயே தேய்கிறது. 2021-ஆம் ஆண்டு நம் குருதியில் சர்க்கரை இருப்பது தெரிய வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்துவிட்டு, 'நடங்கள்' என்றார். நாமும் நடந்தோம், நான்கு நாள் நடந்து, மூன்று நாள் விட்டு, பின்னர் நடந்த நாள்களை விட விட்ட நாள்கள் மிகுந்தன.

2023 செப்டம்பரில், உதிரிப் பாகக் கடையொன்றில் பணிபுரியும் நம் பக்கத்து இளைஞர் ஒருவர் வந்தார். 'ஹஜரத், ஜனவரியில ஒரு நெடுநடை வெச்சிருக்காங்க. ஒரே நாள்ல அம்பது கிலோமீட்டர். பேர் குடுத்துருவோமா?' என்று கேட்டார். மலையடிவாரத்திலும் வாதிகள் எனப்படும் வறண்ட ஆற்றுப் படுகைகளிலும் செல்லும் நடை அது. உலகில் இதனினும் பன்மடங்கு கடியன உண்டு. 1984-இல் பாத்ரிக் பவேர் என்னும் பிரெஞ்சு இளைஞர் சஹாராவில் ஏறத்தாழ 350 கிலோமீட்டரைத் தனியே நடந்து கடந்தார். அதன் விளைவாக 1986 முதல் மொராக்கோவில் பல நாள்கள் நீளும் 250 கிலோமீட்டர் அளவிலான பாலைவன ஓட்டம் நடைபெற்று வருகிறது. அவற்றோடு ஒப்பிட்டால் நம்முடையது சிறுபிள்ளை விளையாட்டுத்தான். ஆயினும், பள்ளிவாசலுக்குச் செல்லும் தொலைவுக்கு அப்பால் நடந்தறியாத ஒருவருக்கு ஐம்பது என்பது மலைக்க வைக்கும் எண்ணே.

செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது பிள்ளைகளின் உம்மா, 'இந்த வயசுல மலையேறி என்னத்தச் சம்பாதிக்கப் போறிய?' என்று கேட்டார்கள். அக்கேள்வியில் அச்சம் இருந்தது. அது நியாயமான அச்சமே. ஆகவே முதலில் மருத்துவரிடம் சென்றோம். அவர் நெஞ்சையும் பாதங்களையும் சோதித்து மூன்று நிபந்தனைகளுடன் இசைந்தார். சட்டைப் பையில் எப்போதும் பேரீச்சம்பழம் இருக்க வேண்டும். ஒவ்வோர் இரவும் பாதங்களை விளக்கொளியில் பார்க்க வேண்டும். ஏனெனில் சர்க்கரை உள்ளவர்க்குப் புண் வலியின்றி வரலாம். மயக்கமோ படபடப்போ தோன்றினால் அக்கணமே நிற்க வேண்டும். இம்மூன்றையும் எழுதி ஊருக்கு அனுப்பிய பின்னரே உம்மாவின் குரல் தணிந்தது.

'ஹஜர்' என்றால் கல். முஸந்தம் முனையிலிருந்து ராஸல் ஹத் வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளும் இம்மலைத் தொடருக்கு அதனினும் பொருத்தமான பெயர் அமையாது. சில பகுதிகளில் கருகிய பழுப்பு நிறப் பாறை; அது ஒரு காலத்தில் கடலின் அடித்தரையாய்க் கிடந்து, நிலத்தின்மீது தள்ளப்பட்டு ஏறியது என்பர் நிலநூலார். வேறு சில பகுதிகளில் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. அதனுள் கடல் உயிர்களின் சுவடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. மரமென்று சொல்ல அங்கொன்றும் இங்கொன்றுமாக இலந்தையும் வேலமர இனமும். உயரத்தில் காட்டு ஒலிவ மரம்.

தமிழ் பயின்றவர்க்கு இம்மலையைக் கண்டதும் ஓர் ஐயம் எழும். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்கிறோம். பாலையோ முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பெறும் வடிவம் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. வாழையும் தேனும் அருவியும் நிறைந்த நம் நாட்டுக் குறிஞ்சியைக் கண்ட கண்ணுக்கு இது விளங்காத செய்தியாகவே இருந்தது. மலை எவ்வாறு பாலையாகும் என்பதை ஹஜர் நமக்குக் கண்முன் காட்டிற்று. பொருள் தேடிப் பிரிந்து செல்லும் தலைவன் கடக்கும் அருவழியைச் சங்கச் சான்றோர் 'சுரம்' என்றனர். இன்று அச்சொல்லைக் காய்ச்சலுக்கு வழங்குகிறோம். பொருள் தேடி வந்த நாம் இங்கே உண்மையாகவே சுரத்தில் நின்றோம்.

செப்டம்பரில் மலைக்குப் போக இயலாது. கோடையில் கதிரவனை உண்ட கல் இரவில் அதை உமிழ்கிறது. 2018 ஜூன் மாதம் மஸ்கத்துக்குத் தென்கிழக்கே உள்ள குரையாத்தில் ஒருநாள் இரவும் பகலுமாக வெப்பநிலை 42.6 பாகைக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆகவே முதல் மாதம் மத்ரஹ் கடற்கரைச் சாலையில், இஷா தொழுகைக்குப் பின், ஐந்து கிலோமீட்டர் நடந்தோம். வெம்மைக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். அதன்பின் வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது. அதிலுள்ள உப்பும் குறைகிறது. முதல் வாரம் சட்டையில் வெள்ளைக் கோடுகளாய்ப் படிந்த உப்பு நான்காம் வாரம் மங்கிப்போயிருந்ததை நாமே கண்டோம். குட்டி பழகத் தொடங்கிவிட்டது என்று எண்ணிக் கொண்டோம்.

அக்டோபரில் மலை. மத்ரஹுக்கும் ரியாமுக்கும் இடையே குன்றின் மேலேறி இறங்கும் ஒரு பழைய கால்நடைப் பாதை உண்டு. நீளம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவே. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகளைப் பாறைகளில் தீட்டி வழியை அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் சுபுஹுத் தொழுதுவிட்டு அங்கே சென்றோம். நம் குழுவினர் அறுவர். ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்பதே எல்லோருடைய நினைப்பும். உண்மை மாறாக இருந்தது. ஏற்றத்தில் மூச்சுத்தான் வாங்கிற்று. நின்றால் அது திரும்பி வந்துவிடும். இறக்கத்தில் தொடைத் தசை உடலின் எடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. அதன் வலி அன்று தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும். முதல் வாரம் திங்கட்கிழமை வகுப்பறைப் படியில் பக்கவாட்டாக நண்டுபோல் இறங்கினோம். மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். அதே இறக்கத்தை நான்கு முறை இறங்கியபின் வலி பெரிதும் குறைந்தது. சமதரையில் நூறு நாள் நடந்தாலும் பெற முடியாத பயன் இது.

அடுத்த பாடம் நீர். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த நைஸாபூர் அறிஞர் தஆலிபீ, 'ஃபிக்ஹுல் லுகா' என்னும் தம் நூலில் தாகத்தின் படிநிலைகளைத் தனித்தனிச் சொற்களால் வரிசைப்படுத்துகிறார். 'அதஷ்' என்னும் எளிய தாகத்தில் தொடங்கி, 'ளமஉ' என்று ஏறி, படிப்படியாக வளர்ந்து, 'ஜுவாத்' என்னும் கொல்லும் தாகத்தில் முடிகிறது அவ்வரிசை. இதை மொழிவளம் என்று வியந்து மாணவர்களுக்குக் கற்பித்து வந்தோம். மலையில் நடந்தபோது, இது புலவரின் அணி அன்று, உயிர் காக்கும் அளவுகோல் என்று விளங்கியது. முதற்படியிலேயே நின்று குடிப்பவன் பிழைப்பான். ஆனால் வெறும் நீரை மட்டுமே அளவின்றிக் குடித்தாலும் கேடு. உடலின் உப்பு நீர்த்துப்போய் தலைச்சுற்றலும் குழப்பமும் வரும். ஆகவே நீரோடு உப்பிட்ட கடலையும் எலுமிச்சை ஊறுகாயும் பையில் சென்றன. கொண்டு போன நீரில் பாதி தீருமுன் திரும்பிவிட வேண்டும் என்பது நாம் வகுத்துக்கொண்ட விதி.

இந்நாட்டார் நீரை அளந்து வாழத் தெரிந்தவர்கள். மலையின் ஊற்றிலிருந்து ஊர்வரை வெறும் சரிவின் வலிமையாலேயே நீரைக் கொண்டுவரும் 'ஃபலஜ்' என்னும் கால்வாய்கள் ஏறத்தாழ மூவாயிரம் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுள் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. பகலில் நிழலையும் இரவில் விண்மீனையும் கொண்டு நேரம் கணித்து, ஒவ்வொரு தோட்டத்திற்கும் இவ்வளவு நேரம் நீர் என்று பங்கிட்ட மரபு அது. இங்கே நீரும் நேரமும் ஒரே கணக்கு.

நவம்பரில் ஜபல் ஷம்ஸ் பகுதிக்குச் சென்றோம். அல்கதீம் என்னும் சிற்றூரிலிருந்து ஸாப் என்னும் கைவிடப்பட்ட ஊருக்குச் செல்லும் பாதை ஒரு பெரும் பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டியே போகிறது. ஒருபுறம் செங்குத்துப் பாறை. மறுபுறம் வெறும் வெளி. எதிரே பருந்து பறப்பதை மேலிருந்து பார்க்கலாம். பாதையின் முடிவில், பாறையின் அடியில் ஒண்டிய கல்வீடுகளும், ஒரு காலத்தில் பயிர் விளைந்த படிக்கட்டு வயல்களும் உள்ளன. இவ்வூர் மக்கள் சுமையோடும் கழுதையோடும் இதே வழியில் போய் வந்தார்கள். அவர்கள் யாரும் அதைப் பயிற்சி என்று சொன்னதில்லை.

வழியில் ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் எதிர்ப்பட்டார். எழுபது வயதுக்குக் குறையாது. தேய்ந்த செருப்பணிந்து, கையில் ஒரு கழியோடு, நம்மைவிட விரைவாக அல்ல, நம்மைவிடச் சீராக நடந்தார். நம் குழுவின் இளைஞர்கள் ஓடுவதும் நிற்பதுமாக வருவதைப் பார்த்துவிட்டு நம்மிடம், 'ஷுவை ஷுவை, யா உஸ்தாத்' என்றார். மெல்ல மெல்ல என்று பொருள். கஹ்வாவும் பேரீச்சம்பழமும் தந்தார். நிற்காமல் நடக்கக்கூடிய வேகம் எதுவோ அதுவே நம் வேகம் என்பதை அம்முதியவரைப் பின்பற்றி நடந்த அரைமணி நேரத்தில் அறிந்தோம். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. பேச்சுத் திணறினால் மிகுதி.

டிசம்பரில் வந்தது பெரிய சோதனை. ஜபல் ஷம்ஸ் உமானின் மிக உயர்ந்த மலை. ஏறத்தாழ 3,000 மீட்டர். மேட்டுநிலத்திலிருந்து அதன் தென்முகட்டுக்கு ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏற்றம், வழியில் நீரில்லை. ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி. அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் இன்னொரு மணி கூட்டுக. நம் கால்களுக்கும் இந்நாட்டுக் கற்களுக்கும் அதனோடு மேலும் பாதியைக் கூட்ட வேண்டியிருந்தது. அவ்வாறு கணக்கிட்டு, காலை ஐந்தேகாலுக்குப் புறப்படுவது, எங்கே இருந்தாலும் பதினொரு மணிக்குத் திரும்புவது என்று முதல்நாள் இரவே கூடாரத்தில் அறுவரும் ஒப்புக்கொண்டோம். அங்கே டிசம்பரில் மாலை ஐந்தரைக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும்.

பதினொரு மணி ஆயிற்று. முகடு கண்ணெதிரே நின்றது. கை நீட்டினால் தொடலாம் போன்ற தோற்றம். 'ஹஜரத், அரை மணி நேரந்தான். இவ்ளோ தூரம் வந்துட்டுத் திரும்புறதா?' என்றார் நம் பக்கத்து இளைஞர். மற்றவர் முகங்களிலும் அதே ஏக்கம். நமக்கு மட்டும் ஆசை இல்லையா? தொட்டுவிட்டு வந்தால் ஊருக்குச் சொல்ல ஒரு பெருமை இருக்குமே!

அவ்வேளையில் நினைவுக்கு வந்தவர் இப்னு பதூதா. பின்னாளில் இலங்கையின் ஆதம் மலையேறி, நம் மஃபர் நாட்டுக்கும் வந்த அப்பெரும் பயணி, 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதே உமான் கரையில் ஸூர் துறையில் இறங்கினார். அங்கிருந்து கல்ஹாத் நகரம் மலைச்சரிவில் மிக அருகே தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் சென்றுவிடலாம் என்றெண்ணி, இந்தியத் தோழர் ஒருவருடன் கால்நடையாகப் புறப்பட்டார். வழிகாட்ட அமர்த்திய ஆளோ துணிமணியைக் கவர எண்ணியவன். நம் பாலைப் பாட்டில் வரும் ஆறலைக் கள்வரின் உறவினன் போலும். தாகத்தில் வாடி, இரவை அச்சத்தோடு வெட்டவெளியில் கழித்து, மறுநாள் கல்ஹாத்தை அடைந்தபோது, காலணிக்குள் வீங்கிய பாதங்களில் நகக்கண்களில் குருதி கசியும் நிலை. அதன்பின் எழுந்து நடமாட இயலாமல் சில நாள்கள் அந்நகரத் தலைவரின் விருந்தினராகவே தங்கினார். உலகை அளந்த கண்ணையே இவ்வறண்ட காற்று ஏமாற்றிவிட்டது. ஈரமும் புழுதியும் இல்லாத நாளில் தொலைவில் உள்ளது அருகில் தெரியும். அளந்து பார்க்க இடையில் ஒரு மரமும் இராது.

இதைச் சொன்னோம். 'கண் சொல்றதக் கேக்க வேணாம் தம்பி, கடியாரம் சொல்றதக் கேப்போம்' என்றோம். இளைஞர் பதில் பேசவில்லை, திரும்பினார். இறங்கத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் அவருடைய தொடையில் தசை பிடித்துக்கொண்டது. உப்பும் நீரும் தந்து, பிடித்துவிட்டு, அவருடைய பையை மற்றவர்கள் சுமந்து, நூறடிக்கு ஒருமுறை நின்று நின்று இறங்கினோம். வண்டியை அடைந்தபோது மணி நான்கு ஐம்பது. வெளிச்சம் இன்னும் அரைமணிதான். ஏற அரைமணி, அங்கிருந்து இதே இடத்துக்குத் திரும்ப அரைமணி என்று ஒரு மணி நேரம் கூடியிருந்தால், பாறை விளிம்பில், காலூன்ற முடியாத ஒருவரோடு, கடுங்குளிரில், இருட்டில் நின்றிருப்போம். வண்டியில் ஏறி அமர்ந்தபின் அவர், 'ஹஜரத், அந்த அரைமணி...' என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மேற்கொண்டு சொல்ல வேண்டியதும் இல்லை.

2024 ஜனவரியில் ஐம்பது கிலோமீட்டர் நடை நடந்தது. அதைப்பற்றி எழுத அதிகமில்லை. காலை ஐந்து மணிக்குத் தொடங்கி, மாலை ஐந்து நாற்பதுக்கு முடித்தோம். முன்னால் பாய்ந்து சென்றவர்களில் பலரை முப்பதாம் கிலோமீட்டருக்குப் பின் ஓரங்களில் கண்டோம். நம் குழுவில் ஐவர் முடித்தனர். ஆறாமவர் முப்பத்தைந்தில் பாதக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டுத் தாமே நின்றுகொண்டார். அவரும் பயிற்சியில் தேறியவரே என்று சொல்லி அன்றிரவு அவருக்கே முதல் தட்டு உணவு பரிமாறினோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைச் சோதனையில் 8.1 என்றிருந்த நம் அளவு பிப்ரவரியில் 6.6 ஆக இறங்கியிருந்தது. மருத்துவர் மாத்திரையை நிறுத்தவில்லை, குறைத்தார்.

இதைப் படித்துவிட்டு எவரும் நாளையே மலைக்குக் கிளம்ப வேண்டா. இம்மலைகள் அழகானவை, அவ்வளவுக்கு ஆபத்தானவையும் ஆகும். 2024 ஏப்ரலில் திடீர் மழையால் வாதிகளில் பெருகிய வெள்ளம் பள்ளிச் சிறார் உள்ளிட்ட பலரைக் கொண்டுசென்றது. அந்நாளின் துயரம் இங்குள்ள ஆசிரியர் எவருக்கும் ஆறாது. மேலே எங்கோ பெய்த மழை, இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே இறங்கி வரும். வானிலை எச்சரிக்கை வந்த நாளில் வாதியில் கால் வைப்பது வீரம் ஆகாது.

ஆனால் நடக்கலாம். ஊரில் இருப்போர்க்கு வயல் வரப்பும் கடற்கரை மணலும் உண்டு. இங்குள்ளோர்க்குக் குளிர்காலத்து விடியற்காலை உண்டு. ஐம்பதைக் கடந்த வாப்பாக்களும் உம்மாக்களும் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, முதல் வாரம் ஒரு மைல் நடக்கட்டும். பிள்ளைகள் அவர்களை விரட்டவும் வேண்டா, தடுக்கவும் வேண்டா. உடன் நடந்தால் போதும். போகும் தொலைவை விட, திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜபல் ஷம்ஸின் முகட்டை நாம் இன்றுவரை தொடவில்லை. இக்குளிர்காலத்தில், அல்லாஹ் நாடினால், மீண்டும் செல்லும் எண்ணம் உண்டு. திரும்பும் நேரம் அப்போதும் பதினொரு மணிதான்.